கல் பொறுக்கப் போகும் கல்யாணப் பெண்ணுக்கு

அம்மனுக்கு விளக்கேற்றி வைத்துவிட்டு, கை ஈரத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன் கண்ணு. உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். யார் கடிதம் வந்தாலும் எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன், உன் எழுத்து மட்டும் தடுக்காமல் ஓடும். இந்தத் தடவை தடுக்கியது. சித்திரையில் காலேஜ் பிள்ளைகளைக் கோடைப் பயிற்சிக்கு, திருவக்கரைக்குக் கல்லும் பாறையும் பார்க்க அழைத்துப் போகிற ஆசிரியர்களில் உன் பெயரையும் போட்டிருந்தார்களாம். நீ வர முடியாது என்று சொல்லிவிட்டாயாம். ஆவணியில் கல்யாணத்தை வைத்துக்கொண்டு பெண் வெயிலில் அலைந்து கறுத்துப்போகக் கூடாது என்று சேவூரில் மாப்பிள்ளை வீட்டில் சொன்னார்களாம், உன் அப்பாவும் சரி என்று தலையாட்டிவிட்டாராம், அதனால் "போகட்டும் அத்தை" என்று எழுதியிருக்கிறாய். அதற்குக் கீழே ஒரே ஒரு வரி. கூட வரப் பெண் ஆசிரியர் வேறு யாரும் இல்லாததால் வகுப்பிலிருக்கிற மூன்று பெண்களையும் அவரவர் வீட்டில் அனுப்ப மாட்டேன் என்கிறார்கள், பயிற்சிக்குப் போகாவிட்டால் பரீட்சை எழுத முடியாது என்று. ஏதோ நேற்று மழை பெய்தது என்பதுபோல அதை எழுதிவிட்டு, என் முட்டி வலிக்கு என்ன தைலம் போடுகிறேன் என்று கேட்டிருக்கிறாய்.

தைலம் கிடக்கட்டும். இந்தக் கடிதத்தை நீ மட்டும் படித்து மடித்து வைத்துவிடாதே. அந்த மூன்று பெண்களுக்கும், அவர்களைப் பெற்றவர்களுக்கும் படித்துக் காட்டு. அதனால்தான் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதப் போகிறேன். நான் பேச்சை ஆரம்பித்தால் ஆரணியில் ஏறி வேலூரில்தான் இறங்குவேன் என்று உன் அப்பா சொல்வது உண்மைதான். பொறுத்துக்கொள்.

உன்னைப் பெற்றவள் நீ தவழும்போதே போய்ச் சேர்ந்தாள். தாலி இழந்து தம்பி வீட்டுக்கு வந்தவள் நான். உனக்குப் பல் முளைத்ததும், நீ பெரிய மனுஷி ஆனதும், எல்லாம் என் மடியில்தான். வாயால் நீ அத்தை என்றாலும் எனக்கு மகள் நீதான். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் படித்துக் காட்டும்போது இதை விட்டுவிட்டுப் படிக்காதே.

நீ படித்துக்கொண்டிருந்தபோது இதே கோடைப் பயிற்சிக்குப் போக வேண்டி வந்ததே, அன்றைக்கு நம் வீட்டில் நடந்ததை நினைத்துப் பார். நீ கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாய். உன் அப்பா தறியில் உட்கார்ந்தபடி, இழைக்குக் குறுக்கே ஓடுகிற நாடாவைக் கூட நிறுத்தாமல் பேசினார்.

"பசங்களோட போய்க் காட்டுல தங்கறதா? இன்னாக்கா பேசற? நாலு பேரு கேட்டா இன்னா சொல்றது?"

"கல்லு பொறுக்கப் போயிருக்குதுன்னு சொல்லு."

"வெளையாடாதக்கா. பொட்டப் புள்ள."

"அதான் நான் கூடப் போறேன்டா. இப்ப இன்னா சொல்லுவாங்க உன் நாலு பேரு? அக்காகாரி கோயிலுக்குப் போனா, புள்ளையும் கூடப் போச்சுன்னு சொல்லு. பக்கத்துலயே அம்மன் கோயிலு கீது. பொய்யும் இல்ல."

நாடா நின்றது. உன் அப்பா என்னைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார். "அங்க போய் வாய வெச்சிகினு சும்மா இருப்பியா?" என்று கேட்டார். அவ்வளவுதான், அனுமதி கிடைத்துவிட்டது. உன் வகுப்பில் அப்போது பெண்கள் நீயும் ஸ்டெல்லாவும்தான். ஸ்டெல்லாவின் அப்பாவும் மாட்டேன் என்று நின்றவர்தான். விஜயாவின் அத்தை கூட வருகிறாளாம் என்று தெரிந்ததும் அவரும் இறங்கிவந்தார்.

வந்தவாசி போய், அங்கிருந்து திண்டிவனம் போய், அங்கிருந்து திருவக்கரைக்கு. என் கையில் முறுக்கு டின், காமாட்சி விளக்கு, எண்ணெய்ப் பாட்டில். உன் தோளில் பை, அதன் வாயில் சுத்தியல் பிடி நீட்டிக்கொண்டிருந்தது. கண்டக்டர் அதையே பார்த்தார்.

"எங்கம்மா போறீங்க, புள்ளைய ஆஸ்டல்ல வுடவா?"

"இல்லப்பா. கல்லு ஒடைக்கப் போறோம்."

அவர் உன் கண்ணாடியையும் சுத்தியலையும் என் விளக்கையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, முன்னால் இருந்தவரை எழுப்பி எனக்கு இடம் போட்டுக் கொடுத்தார். நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாய். அம்மா போன வீட்டில் வளர்ந்த பெண்ணாயிற்றே, இத்தனை அடக்கமாக இருக்கிறாளே என்று எனக்கு எப்போதும் ஒரு குறை. அந்தச் சிரிப்பைப் பார்த்தபோதே வந்த காரியம் பாதி பலித்துவிட்டது என்று நினைத்தேன்.

கோடை விடுமுறைக்குப் பூட்டிய பள்ளிக்கூடத்தைத் திறந்து கொடுத்திருந்தார்கள். ஒரு வகுப்பறையில் பையன்கள், கடைசி அறையில் நாம் மூவர். உங்கள் புரொபசர் என்னைக் கண்டதும் தலையைச் சொறிந்தார். "அம்மா, இது டூர் இல்லைங்க, பயிற்சி" என்றார். "தெரியும் சார். நான் ஒரு மூலையில உக்காந்துகினு இருப்பேன். பேசவே மாட்டேன்" என்றேன். எதற்கு அப்படி ஒரு பொய்யைச் சொன்னேனோ தெரியவில்லை. அன்று சாயங்காலத்துக்குள் அத்தனை பையன்களுக்கும் நான் அத்தை. சேகர் என்ற அந்தக் குறும்புக்காரனின் அக்காவுக்கு எந்த ஊரில் வரன் பார்க்கிறார்கள் என்பதுவரை எனக்குத் தெரியும்.

விடிந்ததும் நீங்கள் கிளம்பிவிடுவீர்கள். தாவணிக்கு மேல் உன் அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தலையில் துண்டு கட்டிக்கொண்டு போவாய். ஒரு நாள் மோர்ப் பானையோடு நானும் பின்னாலேயே வந்தேன். செம்மண் பூமி. மழைத் தண்ணீர் அறுத்துவிட்ட பள்ளங்கள், அதன் இரு கரையிலும் சிவப்பாய்ச் சரளை. நீ அந்தக் கரையில் தனியாக, மற்றவர்கள் இந்தக் கரையில் நோட்டும் பென்சிலுமாக. காம்பஸைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு நீ ஒரு சத்தம் போட்டாய்.

"வடக்கு முப்பது கெழக்கு! எழுதிக்கோ சேகர்! தூங்கறியா?"

"கேக்குது தாயே, திண்டிவனத்துக்கே கேக்குது!"

"அப்ப திருப்பிச் சொல்லு!"

நான் மோர்ப் பானையை இறக்கி வைத்துவிட்டு நின்றேன். இது யார் குரல்? நம் வீட்டில் தறிச் சத்தத்துக்கு நடுவில் இன்னும் கொஞ்சம் குழம்பு வேண்டும் என்றுகூடக் கேட்காமல், தட்டையே பார்த்துக்கொண்டிருக்கிற பெண்ணின் குரலா? பள்ளத்தைத் தாண்டி வந்து என் காதில் விழுந்த அந்தக் குரலில் ஒரு நடுக்கம் இல்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நீ வெயில் என்று நினைத்து என்னை நிழலுக்குப் போகச் சொன்னாய்.

அடுத்து நடந்ததை நீ ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருப்பாய். ஆனாலும் என் பக்கத்தில் இருந்து ஒரு தடவை கேள். வேலி போட்ட இடத்தில் கிடக்கிற பெரிய கல் மரங்களைத் தொடவும் கூடாது என்று உங்கள் புரொபசர் சொல்லியிருந்தார். வெளியே ஓடைகளில் உதிர்ந்து கிடந்த துண்டுகளைப் பொறுக்கி, ஒவ்வொன்றிலும் வெள்ளைப் பிளாஸ்திரி ஒட்டி, மசியில் எண் எழுதி, துணிப் பைகளில் போட்டுக் கொண்டுவந்தீர்கள். பையன்கள் அறையில் இடம் இல்லை என்று எல்லோருடைய பையும் நம் அறைக்கு வந்தது, என் விளக்குக்குப் பக்கத்தில். நான் கோயிலுக்குப் போனபோது வாசலில் பூக்கட்டுகிற அம்மாள் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொண்டாள்.

"உங்க புள்ளைங்க அத மரம்னு சொல்லிகினு பொறுக்குதுங்களே, அது மரம் இல்லம்மா. எங்க ஆத்தா சம்ஹாரம் பண்ணாளே அசுரன், அவன் எலும்பு. தொட்டா குளிச்சுடுங்க."

திரும்பி வந்து பைகளைத் திறந்து பார்த்தேன். வெள்ளை வெளேரென்று, உள்ளே துளை துளையாய், முனை உடைந்து. எலும்பேதான். கணுக்கால் போல ஒன்று, முழங்கை போல ஒன்று. முதலில் பயம் வந்தது. எலும்பு மூட்டைக்குப் பக்கத்தில் விளக்கேற்றி வைத்திருக்கிறேன், அதற்குப் பக்கத்தில் வயசுப் பெண்கள் படுத்துத் தூங்குகிறீர்கள். கொஞ்ச நேரம் போனதும் பயம் இறங்கி, பாவமாக இருந்தது. அடித்தவளுக்குக் கோயில் இருக்கிறது, பூ இருக்கிறது. அடிபட்டவனுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்க ஒரு நாதி இல்லையே. உன் மாமா போன பிறகு அவர் எலும்பை உன் அப்பா கொண்டுபோய்க் கடலில் விட்டுவிட்டு வந்தார். அதற்கப்புறம்தான் எனக்குத் தூக்கம் வந்தது. அந்த நினைப்பும் வந்துவிட்டது.

மறுநாள் நீங்கள் கிளம்பிப் போனதும் சமையல்காரரிடம் கூடை வாங்கினேன். சும்மாடு கூட்டி, நடைக்கு நடை ஆற்றுக்குச் சுமந்தேன். கோடையில் சங்கராபரணியில் மணல்தான். ஒரு வளைவில் மட்டும் மடுவாகத் தண்ணீர் நின்றது. ஆம்பிளை செய்ய வேண்டிய காரியம்தான், அவனுக்கு யார் இருக்கிறார்கள்? "போய்ட்டு வாப்பா, இனிமே யாரையும் தொந்தரவு பண்ணாத" என்று சொல்லி எள்ளைத் தூவி, ஒவ்வொன்றாய் விட்டேன். தலைமுழுகி, ஈரப் புடவையோடு வந்து விளக்கேற்றினேன். மனசு நிறைந்திருந்தது.

சாயங்காலம் ஸ்டெல்லாவின் குரல்தான் முதலில் கேட்டது.

"விஜி, பையெல்லாம் எங்கடி?"

"எந்தப் பை?"

"சாம்பிள் பை. எல்லாரோடதும்."

நான் அடுப்படியிலிருந்தே சொன்னேன்: "கரைச்சுட்டேன் கண்ணு."

"எத அத்தை?"

"எலும்ப."

புரொபசர் வாசல்படியில் அப்படியே உட்கார்ந்தார். பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். சேகர்தான் துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, "காரியம் முடிஞ்சுது சார். இனிமே பதினாறாம் நாள்தான்" என்றான். யாரும் சிரிக்கவில்லை. "வைவா பரீட்சைக்கு வெளியிலிருந்து ஆள் வரப்போறாரும்மா. இவங்க அவர்கிட்ட என்னத்தைக் காட்டுவாங்க?" என்று புரொபசர் கேட்டபோதுதான் நான் செய்துவைத்திருப்பது எனக்கு உறைத்தது. உன் முகத்தைப் பார்க்கப் பயந்துகொண்டு கரண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நீ வந்து என் கையிலிருந்து கரண்டியை வாங்கி, அடுப்பைத் தணித்தாய். "மடு ஆழமா அத்தை?" என்றாய். "இடுப்பளவு கீதும்மா." "அப்ப எடுத்துடலாம்." அவ்வளவுதான் நீ சொன்னது.

மறுநாள் பையன்கள் மடுவில் இறங்கி, முங்கி முங்கி எடுத்துக் கரையில் போட்டார்கள். கல் எல்லாம் வந்தது. பிளாஸ்திரி ஒன்றும் வரவில்லை. எது யாருடையது, எது எங்கே எடுத்தது, ஒன்றும் தெரியாமல் மணலில் ஒரே குவியல். நீ அதற்கு முன்னால் உட்கார்ந்தாய். ஒவ்வொன்றாய் எடுத்து, வெயிலில் திருப்பி, எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தாய். "இது மேட்டுச் சரளையில எடுத்தது, ஓரத்துல செகப்பு ஏறியிருக்கு பாரு. இது ஓடைக்கு அடியில, மெழுகு மாதிரி இருக்குது. இது ஸ்டெல்லாவோடது, அவ தட்டுனா எப்பவும் முனை இப்பிடித்தான் பேரும்." ஸ்டெல்லா உன் முதுகில் ஒன்று வைத்தாள். குவியல் கரைந்து ஒவ்வொருவர் பைக்கும் போய்ச் சேர்ந்தது. கடைசியில் கொஞ்சம் மிஞ்சியது. பையன்கள், ஏதாவது ஒரு எண்ணைப் போட்டுக்கொள்ளலாம், யாருக்குத் தெரியப்போகிறது என்றார்கள். "எனக்குத் தெரியாது இது எங்கேன்னு. தெரியாததுக்கு நம்பர் போட மாட்டேன். திரும்பப் போய்ப் பாத்துட்டு வரேன்" என்றாய். அதே குரல். பள்ளத்தைத் தாண்டிக் கேட்ட குரல்.

அந்த மிச்சத்தை நான்தான் தலையில் சுமந்துகொண்டு உன் பின்னால் வந்தேன். வேண்டாம் என்றாய், நான் விடவில்லை. ஓடை ஓடையாக இறங்கி ஏறினோம். ஒரு பள்ளத்தில், பாதி மண்ணுக்குள்ளும் பாதி வெளியிலுமாக நம் வீட்டு உத்தரத்தைவிடப் பெரிதாக ஒன்று கிடந்தது. வெட்டுவாயில் கையை வைக்கச் சொன்னாய். வட்டம் வட்டமாய், ஒன்றுக்குள் ஒன்றாய், வயதான மரத்தை அறுத்தால் தெரியுமே, அதே வளையங்கள். ஆனால் சில்லென்று கல்.

"நெஜமா மரமாடி?"

"மரம்தான் அத்தை. இங்க மொளைச்சது இல்ல. வேர் இல்ல, கெளை இல்ல பாருங்க. எப்பவோ ஒரு பெரிய ஆறு எங்கிருந்தோ அடிச்சிகினு வந்து இந்த மணல்ல பொதைச்சுட்டுப் போயிருக்கு. எல்லாம் எந்தப் பக்கம் பாத்துக் கெடக்குதுன்னு அளந்தா, ஆறு எப்பிடி ஓடுச்சுன்னு தெரியும். அதத்தான் அன்னிக்குக் கத்திகினு இருந்தேன்."

"அப்ப ஆத்துல வந்தத ஆத்துலதான வுட்டேன்? அதுக்குப் போயி உங்க சார் தலையில கைய வெச்சிகினு உக்காந்துட்டாரே!"

நீ சிரித்துச் சிரித்து அந்த மரத்தின் மேலேயே சாய்ந்துவிட்டாய். எனக்கு என்னவோ அதன் முன்னால் நிற்கையில் கை தானாகக் குவிந்தது. எலும்போ மரமோ, எத்தனை காலமாய் இப்படிக் கிடக்கிறது, யார் பார்த்தார்கள்? மரம் என்று இத்தனை நேரம் சொல்லிக்கொடுத்துவிட்டேனே, இன்னும் கும்பிடுகிறாளே என்று நீ நினைத்திருக்கலாம். நீ சொன்னது என்ன தெரியுமா? "நீங்க கும்பிட்டுக்கோங்க அத்தை, அதுக்குள்ள நான் அளந்து முடிச்சுடறேன்." கண்ணு, படித்தவர்கள் பலரை நான் பார்த்திருக்கிறேன், கும்பிடுகிறவளை நிற்கவும் விட்டு, தன் வேலையையும் விடாமல் பார்க்கிற ஒருத்தியை அன்றைக்குத்தான் பார்த்தேன். இதை ஒரு நாளும் உன்னிடம் சொன்னதில்லை. இத்தனை பேசுகிறவளுக்கு இதற்கு மட்டும் வாய் வரவில்லை.

ஊருக்குத் திரும்பியபோது நீயும் நானும் அடுப்புக் கரி மாதிரி இருந்தோம். உன் அப்பா வாசலில் நின்று யாரோ என்று பார்த்தார். உன் நிறம் திரும்பத் தை மாதம் ஆயிற்று, என் நிறம் இன்னும் அங்கேயே ஓடையில்தான் கிடக்கிறது. ஸ்டெல்லாவைப் பார், இப்போது சுரங்கத்தில் வேலை, தனக்குக் கீழே ஆண்பிள்ளைகளை வைத்து வேலை வாங்குகிறாளாம். அன்றைக்கு இந்த வாயாடி அத்தை விளக்கைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறியிருக்காவிட்டால் அவள் அப்பா அவளை அனுப்பியிருக்கவே மாட்டார். நான் போய் அங்கே செய்தது உங்கள் கல்லை ஆற்றில் போட்டதுதான். ஆனாலும் நான் போனேன், அதனால் நீங்கள் இரண்டு பேரும் போனீர்கள்.

அதனால் ஞாயிற்றுக்கிழமை டவுன் பஸ் பிடித்துச் சேவூருக்குப் போனேன். கோபித்துக்கொள்ளாதே. சண்டை போடப் போகவில்லை. சம்பந்தியம்மாள் காபி கொடுத்து உட்கார வைத்துவிட்டு, நான் வாயைத் திறக்கும் முன்னால் உள்ளே போய் ஒரு பட்டு நூல் கட்டை எடுத்துவந்து என் மடியில் வைத்தாள். வெங்காயத் தோல் நிறம். உள்ளுக்குள் விளக்கு எரிகிறது போல அப்படி ஒரு மினுமினுப்பு.

"உங்க பொண்ணுக்கு முகூர்த்தப் பொடவை எங்க தறியிலயே போடறோம். அவ நெறத்த மனசுல வெச்சிகினு நானே சாயத் தொட்டிப் பக்கத்துல நின்னு தோய்ச்சது. கறுத்துட்டு வந்தான்னா இது சாம்பல் பூசின மாதிரி ஆயிடும். அதுக்குத்தான் சொன்னேன். வேற ஒன்னியும் இல்லீங்க."

வெயில் கூடாது என்றதற்கு அடியில் இது இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. அவள் மேலும் சொன்னாள். தறிக்காரர் வீட்டில் பிறந்தும் அவள் கல்யாணத்துக்குக் கட்டியது, யாரோ நிறம் பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுத்த புடவையாம். அதுவும் அவளும் கடைசிவரை ஒட்டவே இல்லையாம். வருகிற மருமகளுக்காவது அவளுக்கென்றே போட்டதாக இருக்கட்டும் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தாளாம். சேவூர்க்காரியைப் பற்றி உன் மனதில் ஏதாவது கசப்பு இருந்தால் அதை இன்றே துடைத்துவிடு. நூலைத் தடவுகிற அவள் கையை நான் பார்த்தேன்.

நான் அவளுக்கு எலும்பு கரைத்த கதையைச் சொன்னேன். "பதினாறாம் நாள்" என்ற இடத்தில் சிரித்து அவளுக்குப் புரையேற, மாப்பிள்ளை ஓடிவந்து தண்ணீர் கொடுத்தார். பிறகு அந்த மூன்று பெண்களைப் பற்றிச் சொன்னேன். சம்பந்தியம்மாள் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"இந்த வருஷம் போவலன்னா அடுத்த வருஷம் போவக்கூடாதா?"

"அடுத்த வருஷம் வரைக்கும் வூட்ல சும்மா வெச்சிகினு இருப்பாங்களாங்க? மாப்பிள்ள பாத்துடுவாங்க. அதோட படிப்பு போச்சு."

அவள் நூல் கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மாப்பிள்ளைதான் தூணில் சாய்ந்தபடி மெதுவாகச் சொன்னார்.

"அம்மா, இதும்மேல அரக்குச் செகப்பு ஏறும்."

"ஏறும். ஏறினா எறங்காது." இதைச் சொல்லிவிட்டு அவள் என்னைப் பார்த்தாள். "கறுத்த ஒடம்புக்கு அரக்குதான் எடுப்பு, இல்லீங்க?"

"எங்க அம்மனும் அரக்குப் பொடவையிலதான் இருக்கா கோயில்ல" என்றேன்.

"தறிக்குப் பாவு இன்னும் நீட்டல. நாளைக்கே தொட்டியில போட்டுடு" என்று மகனிடம் சொல்லிவிட்டு எழுந்து போனாள். திரும்பி வந்தபோது கையில் மஞ்சள் துணியில் முடிந்த கண்ணாடி வளையல்கள். மாப்பிள்ளைக்குச் சின்ன வயதில் காய்ச்சல் கண்டபோது திருவக்கரை அம்மனுக்கு வேண்டிக்கொண்டதாம், போக வாய்க்கவே இல்லையாம். "மருமவ கையால சாத்தச் சொல்லுங்க" என்றாள். இந்தக் கடிதத்தைக் கொண்டுவருகிறவரிடம் அந்த முடிச்சையும் கொடுத்தனுப்பியிருக்கிறேன். சித்திரா பௌர்ணமி அன்று சாத்திவிடு.

வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் சொன்னேன். "அப்ப நான் அவங்ககிட்ட சரின்னு சொன்னது இன்னா ஆவறது?" என்று விழித்தார். "அதுக்கும் சரின்னு சொன்ன, இதுக்கும் சரின்னு சொல்லு" என்றேன். சரி என்றார். அவர் மேல் வருத்தப்படாதே. வந்த சம்பந்தம் கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயத்தில் தலை தானாக ஆடுகிறது, அவ்வளவுதான்.

ஆனால் கண்ணு, இந்த வருஷம் நான் போய்ப் பேசினேன். அடுத்த வருஷமும் சித்திரை வரும், வெயில் வரும், ஏதாவது ஒரு காரணமும் வரும். என் முட்டி அப்போது சேவூர் பஸ்ஸில் ஏறுமோ என்னவோ. சம்பந்தியம்மாள் மனசில் இருந்தது ஒரு புடவை. நீ நேரே போய் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் உன்னிடமே சொல்லியிருப்பாள். நீ "போகட்டும்" என்றாய். சேவூர் வீட்டுக் கூடத்தில் நின்று பேசும்போது தட்டைப் பார்க்காதே. ஓடையின் அந்தக் கரையில் நின்று கத்தினாயே, அந்தக் குரலைக் கொண்டுபோ. அவ்வளவு உரக்க வேண்டாம், திண்டிவனம்வரை கேட்க வேண்டியதில்லை.

இன்றைக்கே உங்கள் துறைத் தலைவரிடம் போய், வருகிறேன் என்று சொல். அந்த மூன்று பெண்களைப் பெற்றவர்களே, இதைக் கேட்டுக்கொண்டிருந்தால் உங்களுக்கு ஒரு வார்த்தை: உங்கள் பெண்களோடு வருகிறவள் என் கையில் வளர்ந்தவள். நானில்லாமல் அனுப்புங்கள், கல்லாவது பத்திரமாக இருக்கும். கண்ணு, அவர்கள் வீட்டிலிருந்தும் எவளாவது ஒரு அத்தை கூடவே கிளம்பி வந்தால் தடுக்காதே, பைகளை மட்டும் பூட்டி வை. போன மாரியில் நல்ல மழை, ஆற்றில் இந்த வருஷம் தண்ணீர் ஓடுகிறதாம்.

நேற்று விடியலில் சேவூர்ப் பக்கம் போயிருந்தேன். அவர்கள் தெருவில் தறிக்கு ஏற்றப்போகிற பாவு நூல் நீட்டியிருந்தது. இந்த முனையில் மாப்பிள்ளை, அந்த முனையில் சம்பந்தியம்மாள், நடுவில் தெரு நீளத்துக்கும் அரக்கு. வெயில் விழுந்ததும் அது பழுத்துச் சிவந்தது. வெளுத்த உடம்பில் அந்த நிறம் நிற்காது, என்னிடம் கேள், பட்டுக்கு நடுவில் பிறந்தவள் நான். சாயம் ஏறிவிட்டது, இனி இறங்காது. அதற்கேற்றபடி நீதான் கறுத்துவிட்டு வரவேண்டும்.

உன் அத்தை